புதிய கடல்நீர்த் தொட்டி பக்குவமடைந்ததை அறிவது எங்ஙனம்?

நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடியில், பாறசாலைக்கும் களியிக்காவிளைக்கும் இடையே மாநில எல்லை செல்கிறது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆயினும் எல்லையின் இருபுறத்தும் பேச்சும் தொழிலும் உறவும் கலந்தே இருக்கின்றன. கடற்பாறைகளில் மூழ்கி எடுக்கப்படும் சிப்பி, தமிழிலும் சிப்பியே, மலையாளத்திலும் சிப்பியே.

இவ்வட்டத்தின் கரையோரத்தில் பொழியூர், பூவார், கருங்குளம், விழிஞ்சம் என்று ஊர்கள் வரிசையாக அமைந்துள்ளன. விழிஞ்சத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. கடல் அலங்கார மீன்களான கோமாளி மீன், டாம்செல் மீன் ஆகியவற்றைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்விக்கும் முறைகளை வகுத்ததில் அந்நிலையத்திற்குச் சிறந்த பங்குண்டு. அங்குள்ள கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தைக் கண்டு திரும்பும் மாணவர்கள், தம் பள்ளியிலும் அத்தகைய தொட்டி ஒன்று வேண்டும் என்று கேட்பது இயல்பு. அதை அமைக்க முற்படும் ஆசிரியர்க்கும், அவர்க்கு யோசனை கூறும் களப் பணியாளர்க்கும் பயன்படும் பொருட்டு இக்கட்டுரை வரையப்படுகிறது.

தெளிந்த நீரில் மடியும் மீன்கள்

வழக்கமாக நிகழ்வது இதுதான். திங்கட்கிழமை கண்ணாடித் தொட்டி வருகிறது. செவ்வாயன்று மணலைக் கழுவிப் பரப்பிக் கடல்நீர் நிரப்புகிறார்கள். புதனன்று நீர் பளிங்குபோல் தெளிந்துவிடுகிறது. அன்றே ஐந்தாறு மீன்கள் விடப்படுகின்றன. குழந்தைகள் மாறி மாறி உணவு தூவுகிறார்கள். அடுத்த வாரத்தில் மீன்கள் நீர்ப்பரப்பில் வாய்திறந்து மூச்சு வாங்குகின்றன, செவுள்கள் சிவந்து போகின்றன, ஒவ்வொன்றாக இறக்கின்றன. பிடித்த மீன் நோயுள்ளது என்று ஒருவரும், கடல்நீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மற்றொருவரும் கூறுவர். தொட்டி கவிழ்த்து வைக்கப்படுகிறது.

மீனும் நோயுற்றதன்று, நீரும் கெட்டதன்று. தொட்டி பக்குவமடையுமுன் உயிர்கள் அதில் விடப்பட்டன என்பதே காரணம். இத்தவறினால் இழப்பது சில ரூபாய் மட்டுமன்று. கடல் மீன்களுள் பெரும்பாலானவை பாறைகளிடையே பிடிக்கப்பட்டே விற்பனைக்கு வருகின்றன. மடியும் ஒவ்வொரு மீனுக்கும் ஈடாக இன்னொன்று பிடிக்கப்படும். அலங்கார மீன் வளர்ப்பைச் சிறுதொழிலாகத் தொடங்கும் குடும்பத்திற்கோ முதல் தொகுதியின் இழப்பே தொழிலின் முடிவாகிவிடுதலும் உண்டு.

பக்குவம் என்பது யாது?

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை இடைவிடாது வெளியேற்றுகிறது. எஞ்சிய உணவும் கழிவும் அழுகும்போதும் அம்மோனியா தோன்றுகிறது. கடலில் அது அளவற்ற நீரில் கலந்து மறையும். நூறு லிட்டர் தொட்டியில் அதற்குப் போக்கிடம் இல்லை.

அம்மோனியா நீரில் இரு நிலைகளில் இருக்கும். அயனி வடிவிலுள்ளது அவ்வளவு தீங்கு செய்யாது. அயனியாகாத வடிவம் கொடிய நஞ்சு. இவ்விரண்டின் விகிதத்தை நிர்ணயிப்பது முக்கியமாக நீரின் பி.எச். எண். பி.எச். 7 உள்ள நீரில் நஞ்சு வடிவம் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவு. கடல்நீரின் பி.எச். 8.2 அளவில் இருப்பதால், 28 டிகிரி செண்டிகிரேடு வெப்பத்தில் அது நூற்றுக்கு ஏழு எட்டுப் பங்காக உயர்கிறது. ஆதலின் நன்னீர்த் தொட்டியில் பிழைத்துக்கொள்ளக்கூடிய ஓர் அளவு, கடல்நீர்த் தொட்டியில் மரணமாக முடியும்.

இந்நஞ்சை அகற்றும் தோட்டிகள் நுண்ணுயிர்களே. ஒரு சாரார் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றனர். மற்றொரு சாரார் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றனர். நைட்ரேட் ஓரளவு மிகினும் மீன்களுக்கு உடனடித் தீங்கில்லை. நீரைப் பகுதி பகுதியாக மாற்றுவதால் அதைக் குறைக்கலாம். மணலிலும், கற்பரப்பிலும், வடிகட்டியிலும் இவ்விரு சாராரும் போதிய அளவு பெருகி, நாள்தோறும் உண்டாகும் கழிவை நாள்தோறும் முடித்துவிடும் நிலையே தொட்டியின் பக்குவம். பாலில் உறை ஊற்றியவுடன் தயிர் கிடைப்பதில்லை. உறைக்குள் உள்ள உயிர்கள் பெருகுவதற்குக் காலம் வேண்டும். பாலுக்கு ஓர் இரவு போதும். நைட்ரஜன் நுண்ணுயிர்கள் மிக மெதுவாகப் பெருகுபவை. ஆகையால் இங்கு வாரங்கள் தேவைப்படுகின்றன.

அறிவியல் கண்ட வரலாறு

இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாறு ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துரைக்கத் தக்கது. 1850-ஆம் ஆண்டளவில் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்னும் ரசாயன நிபுணர் மீனும் நீர்த்தாவரமும் நத்தையும் ஒருங்கே வாழும் தொட்டியை நெடுநாள் நிலைபெறச் செய்து, உயிர்களுக்கிடையே உள்ள சமநிலையை விளக்கினார். பிராணவாயுவின் கணக்கு அவருக்குப் புலப்பட்டது. நைட்ரஜனின் கணக்கு அக்காலத்தில் எவர்க்கும் புலப்படவில்லை.

1877-இல் பிரெஞ்சு அறிஞர்களான ஷ்லோசிங், முன்ட்ஸ் ஆகிய இருவர் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய நீண்ட குழாயின் வழியே சாக்கடை நீரை மெல்ல வடியவிட்டனர். இருபது நாட்கள் வரை அம்மோனியா மாறாமலே வெளிவந்தது. அதன்பின் நைட்ரேட் தோன்றி, அம்மோனியா மறைந்தது. குளோரோபாரம் ஆவியைச் செலுத்தியதும் அம்மாற்றம் நின்றுவிட்டது. தோட்டத்து மண்ணைக் கரைத்த நீரைச் சிறிது ஊற்றியபின் மீண்டும் தொடங்கிற்று. இது ரசாயன வினை மட்டுமன்று, உயிர்களின் வேலை என்பது இதனால் உறுதிப்பட்டது. அந்த இருபது நாள் காத்திருப்பையே இன்று நம் தொட்டியிலும் காண்கிறோம்.

தொட்டி வளர்த்த வாரிங்டனின் மகனும் ராபர்ட் வாரிங்டன் என்னும் பெயரினரே. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய அவர், இம்மாற்றம் இரண்டு படிகளாக நிகழ்கிறது என்பதைக் காட்டினார். 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ருஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி அவ்விரு படிகளுக்குரிய பாக்டீரியாக்களைத் தனித்தனியே பிரித்தெடுத்தார். தந்தை தொட்டியில் விட்டுச்சென்ற வினாவிற்கு மகன் வயல் மண்ணில் விடை தேடினார் எனலாம்.

வரலாறு அத்துடன் முடியவில்லை. 2005-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரக் கடல் மீன் காட்சியகத்தின் தொட்டி ஒன்றிலிருந்தே, அம்மோனியாவை உண்டு வாழும் ஒரு புதிய உயிர் பிரித்தெடுக்கப்பட்டது. நைட்ரோசோபுமிலஸ் மாரிட்டிமஸ் எனப் பெயரிடப்பட்ட அது பாக்டீரியா அன்று. ஆர்க்கியா என்னும் வேறொரு பெரும் பிரிவைச் சேர்ந்தது. இதன் இனத்தவை உலகக் கடல்களெங்கும் மிகுதியாக உள்ளன என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 2015-இல் இரு படிகளையும் தானே முடிக்கவல்ல பாக்டீரியாவும் கண்டறியப்பட்டது. எனினும் தொட்டியைக் கவனிப்பவர்க்கு இரு படிக் கணக்கே போதுமானது.

தொட்டியைத் தயாரித்தல்

கடல்நீரை ஆற்றுமுகத்தில் எடுத்தல் ஆகாது. பூவாரில் நெய்யாறு கடலில் கலக்குமிடத்தருகே உப்பு குறைந்தும் வண்டல் மிகுந்தும் இருக்கும். கழிமுகத்திற்கு அப்பால், கலங்காத இடத்தில் எடுத்து, மூடிய கலத்தில் இருளில் இரண்டு வாரம் வைத்தால் மிதவை உயிர்கள் மடிந்து அடியில் தங்கும். மேல்நீரை மட்டும் இறுத்துக் கொள்ளவேண்டும். நீரின் ஒப்படர்த்தி 1.025-ஐ ஒட்டி இருத்தல் நலம்.

பவளப் பாறைத் துண்டுகளைக் கடலிலிருந்து எடுத்து வருதல் கூடாது. பாறை கட்டும் பவளங்கள் 2001-ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் உயரிய பாதுகாப்பைப் பெற்றவை. அவற்றிற்குப் பதிலாக, இக்கரையில் எளிதில் கிடைக்கும் சிப்பி ஓடுகளைச் சதை நீக்கி, கொதிக்க வைத்து, வெயிலில் உலர்த்தி, வடிகட்டியில் இடலாம். நுண்ணுயிர்கள் படிவதற்கு அவை இடமளிக்கும். மேலும் ஒரு நன்மை உண்டு. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறும்போது, ஏறத்தாழ நாலரை மில்லிகிராம் பிராணவாயுவும், சுண்ணாம்புக் கணக்கில் ஏழு மில்லிகிராம் காரத்தன்மையும் செலவாகின்றன. காரம் குறைந்து நீர் புளிப்படையத் தொடங்கினால், ஓட்டிலுள்ள சுண்ணாம்பு சிறிது சிறிதாகக் கரைந்து அக்குறையை ஓரளவு ஈடுசெய்யும். பிராணவாயுவுக்காகக் காற்றுக் குழாய் இரவும் பகலும் இயங்கவேண்டும்.

நுண்ணுயிர்களுக்கு உணவாக அம்மோனியா தரவேண்டும். அதற்காக மீனைப் பலியிடுதல் தேவையன்று. பள்ளி ரசாயனக் கூடத்திலுள்ள தூய நவச்சாரம் போதும். நூறு லிட்டர் நீருக்கு முக்கால் கிராம் நவச்சாரம் கரைத்தால், லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் சேரும். கடைத்தெரு நவச்சாரத்தில் பிற பொருள்கள் கலந்திருக்கலாமாதலின் அது வேண்டா. நவச்சாரம் கிட்டாத இடத்தில் இறால் துண்டொன்றைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு அழுகவிடும் பழைய முறையும் உண்டு. ஆனால் அதில் அளவை அடக்குதல் அரிது. மிகுதியாக இட்டால் விரைவில் பக்குவமாகும் என்று எண்ணுதல் தவறு. அம்மோனியா அளவு கடந்தால் இரண்டாம் சாரார் தலையெடுக்க இயலாது.

பயனுள்ள பழைய தொட்டி ஒன்றிலிருந்து, நோயற்றது என்று உறுதி செய்துகொண்டு, கைப்பிடி மணல் கொணர்ந்து இட்டால் அது உறைமோராக உதவும். காத்திருக்கும் நாட்கள் கணிசமாகக் குறையும்.

இரண்டு குன்றுகளும் ஒரு சரிவும்

அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் ஒன்றுவிட்டு ஒருநாள் அளந்து வரைபடத் தாளில் குறித்துவந்தால் தெளிவானதோர் உருவம் தோன்றும். முதலில் அம்மோனியா உயர்ந்து, ஒரு வாரம் அல்லது பத்து நாட்களுக்குப்பின் இறங்கத் தொடங்கும். இது முதற்குன்று. அது இறங்கும்போதே நைட்ரைட் எழும்பி, மூன்றாம் நான்காம் வாரங்களில் உச்சியை அடைந்து பின் சரியும். இது இரண்டாம் குன்று. பெரும்பாலும் முதலாவதைவிட அகன்றது. நைட்ரேட் மட்டும் ஏறுமுகமாகவே செல்லும். 27, 28 டிகிரி வெப்பத்தில் இவை யாவும் முடிய நான்கு முதல் ஆறு வாரம் ஆவது சாதாரணம். எட்டு வாரம் ஆனாலும் வியப்பில்லை. கடல்நீர்த் தொட்டி நன்னீர்த் தொட்டியைவிடப் பொதுவாகத் தாமதமாகவே பக்குவப்படும்.

நாட்களை எண்ணுவதால் மட்டும் பக்குவம் தெரியாது. காயலில் ஊறும் தேங்காய் மட்டையை, மாதக்கணக்கு முடிந்துவிட்டது என்பதற்காக எவரும் கரையேற்றுவதில்லை. ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்து, நார் பிரிகிறதா என்று கண்ட பின்னரே ஏற்றுவர். தொட்டிக்கும் அத்தகைய ஒரு தட்டிப் பார்த்தல் உண்டு.

முடிவான சோதனை

அம்மோனியாவும் நைட்ரைட்டும் உயர்ந்து, பின் இரண்டும் சுழியத்தை அடைந்த பிறகு, முன்போலவே நூறு லிட்டருக்கு முக்கால் கிராம் நவச்சாரத்தை மீண்டும் கரைக்கவேண்டும். அரைமணி கழித்து அளந்து, அம்மோனியா உயர்ந்திருப்பதைக் குறித்துக்கொள்ளவேண்டும். சரியாக இருபத்துநான்கு மணி நேரம் சென்றபின் மறுபடி அளக்கவேண்டும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியமாக இருந்தால் தொட்டி பக்குவமடைந்தது. அம்மோனியா மறைந்து நைட்ரைட் எஞ்சியிருந்தால் முதற்சாரார் மட்டுமே தயார்; இன்னும் ஒரு வாரம் பொறுக்கவேண்டும். இரண்டு நாள் இடைவெளியில் இச்சோதனை இருமுறை தேறினால் ஐயத்திற்கு இடமில்லை.

சுழியம் என்னும் அளவு ஒன்றே சான்றாகாது என்பதை வலியுறுத்தல் வேண்டும். முதல் நாளிலும் அம்மோனியா சுழியமே. உணவு இடாத தொட்டியில் என்றென்றும் சுழியமே. ஏறி இறங்கிய சுழியமே பக்குவத்தின் சுழியம்.

ஏமாற்றும் அடையாளங்கள்

நீர் தெளிவாக இருத்தல் ஓர் அடையாளமன்று, அம்மோனியாவிற்கு நிறமில்லை. கண்ணாடியிலும் மணலிலும் பழுப்புப் படலம் தோன்றுவதும் அடையாளமன்று. அது வெளிச்சத்தையும் நீரிலுள்ள சிலிக்காவையும் கொண்டு வளரும் டயாட்டம் என்னும் நுண்பாசி.

நைட்ரேட் காணப்படுவதும் தனியே போதாது. அதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, நைட்ரேட் சோதனைகள் பல, நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றி அதன் இளஞ்சிவப்பு நிறத்தையே அளக்கின்றன. ஆகவே நைட்ரைட் மிகுந்துள்ள நாட்களில் பொய்யான நைட்ரேட் தோன்றும். இரண்டாவது, ஆவியாகி வற்றும் நீருக்கு ஈடாகக் கிணற்று நீரை ஊற்றுகிறோம். வற்றுவது நீரேயன்றி உப்பன்று என்பதால் நன்னீர் ஊற்றுதல் சரியே. ஆயினும் வீடுகள் நெருங்கிய ஊர்களில், கழிப்பறைக் குழிக்கு அருகிலுள்ள கிணறுகளில் நைட்ரேட் முன்னமே இருத்தல் கூடும். எனவே முதல் நாளிலேயே கடல்நீரையும் கிணற்று நீரையும் தனித்தனியே சோதித்து எழுதி வைக்கவேண்டும்.

அம்மோனியாவை அளக்கப் பள்ளிகளில் பழக்கமான நெஸ்லர் கரைசல் கடல்நீருக்கு ஏற்றதன்று. கடல்நீரிலுள்ள மக்னீசியம், கால்சியம் உப்புக்களால் கலங்கல் ஏற்பட்டு நிறம் மறையும். அதில் பாதரசமும் உண்டு. சாலிசிலேட் முறையில் பச்சை நிறம் தரும், கடல்நீருக்கென்று குறிக்கப்பட்ட சோதனைப் பெட்டியே தக்கது. மருந்து காலாவதியானதா என்று ஐயம் எழுந்தால், துளி நவச்சாரம் கரைத்த கடல்நீரைச் சோதித்துப் பார்க்கலாம். அதிலும் நிறம் வராவிடில், பழுதடைந்தது மருந்தே.

பக்குவத்திற்குப் பின்

சோதனை தேறியதும் நீரில் ஒரு பாதியை மாற்றி நைட்ரேட்டைக் குறைத்து, ஓரிரு நாட்களுக்குள் மீனை விடவேண்டும். நெடுநாள் உணவின்றி விட்டால் நுண்ணுயிர்கள் குன்றும். முதலில் இரண்டு சிறு மீன்கள் போதும். இயன்றால் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த கோமாளி மீன்களைத் தேர்ந்தெடுத்தல் நன்று. ஒரு வாரம் நாள்தோறும் அளந்து, அம்மோனியா தலைகாட்டாவிடில் மேலும் இரண்டு சேர்க்கலாம். ஒரே நாளில் பத்து மீன்களை விட்டால், இரண்டு மீன்களுக்கு ஏற்பப் பெருகிய நுண்ணுயிர்கள் திடீரென ஐந்து மடங்கு வேலைக்கு ஈடுகொடுக்க இயலாது.

அடைந்த பக்குவம் அழிதலும் உண்டு. துலாமாதத்து மாலை இடிமழையில் மின்சாரம் நின்றால் காற்றுக் குழாயும் நிற்கும். பிராணவாயுவின்றி மீனுக்கு முன்பே வடிகட்டி நலிவதும் உண்டு. மின்கலத்தால் இயங்கும் சிறு காற்று இயந்திரம் ஒன்றைக் கைவசம் வைத்திருத்தல் நலம். வடிகட்டியைக் குளோரின் கலந்த குழாய்நீரில் கழுவுதல் பெரும்பிழை. தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசவேண்டும். செப்புக் கலப்புள்ள மருந்துகளை நோயுற்ற மீனுக்குத் தனிப் பாத்திரத்தில் அளித்தல் வேண்டும். இத்தகைய நிகழ்ச்சி எதற்குப்பின்னும் அம்மோனியாவை அளந்து, தோன்றியிருந்தால் உணவை நிறுத்தி நீரை மாற்றுவதே உடனடிப் பரிகாரம்.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

மீனில்லாத தொட்டியை ஆறு வாரம் வைத்திருக்க மாணவர்கள் பொறுமை கொள்வார்களா என்று கேட்கலாம். கொள்வார்கள், வெறுந்தொட்டியாக அது அவர்களுக்குத் தோன்றாதிருக்க வழியுண்டு. வகுப்பை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழு அம்மோனியாவையும், மற்றொன்று நைட்ரைட்டையும், இன்னொன்று நைட்ரேட்டையும் அளந்து, ஒரே பெருந்தாளில் மூன்று நிறக் கோடுகளாக வரையச் செய்யலாம். நைட்ரஜன் சுழற்சியைப் பாடப் புத்தகத்தில் அம்புக்குறிகளாக மட்டும் கண்ட பிள்ளைகள், அது தம் கண்ணெதிரில் ஏறி இறங்குவதைக் காண்பர். அம்மோனியாக் கோடு வீழத் தொடங்கும் நாளை எந்தக் குழுவும் மறவாது. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தொட்டியில் குடியேறிவிட்டன என்பதற்கு அதுவே முதற்சான்று.

அத்தாளைத் தொட்டியின் பக்கத்துச் சுவரில் ஒட்டி வைத்தல் வேண்டும். மீன் எப்போது வரும் என்று கேட்கும் பிள்ளையிடம் நாள் குறித்துச் சொல்லாமல், தாளைக் காட்டி, “இரண்டாவது கோடும் தரையைத் தொடட்டும், அன்று நீயே சொல்” என்று விடை கூறலாம்.